ஓடுபவரின் கால் வலி: இடமும் நேரமும் சொல்லும் செய்தி



ஃபஜ்ருக்குப் பின் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடும் பிள்ளைகளை இப்போது நம் ஊர்களில் நிறையவே பார்க்கிறோம். சிலர் உடல் நலத்துக்காக ஓடுகிறார்கள். சிலர் மாரத்தான் என்னும் 42 கிலோமீட்டர் ஓட்டத்தை இலக்காக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் சீருடைப் பணிக்குத் தயாராகிறவர்கள். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் ஆண்கள் 24 நிமிடங்களுக்குள் 5 கிலோமீட்டரும், பெண்கள் எட்டரை நிமிடங்களுக்குள் 1.6 கிலோமீட்டரும் ஓட வேண்டும்.

எழுத்துத் தேர்வின் முடிவு வந்ததும் பலர் திடீரென்று மைதானத்தில் இறங்குகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே வலி தொடங்குகிறது. கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் ஓடுகிறார்கள். சிலருக்கு அது தானாக அடங்கிவிடுகிறது. சிலருக்கு எலும்பில் கீறல் விழுந்து, தேர்வு நாளன்று மைதானத்துக்கே போக முடியாமல் ஆகிவிடுகிறது. வயது வரம்புள்ள தேர்வில் ஒரு வாய்ப்பு கைநழுவுவது சிறிய இழப்பன்று. எனவே இம்மாதப் பாடமாக, விடாமல் தொடரும் கீழ்க்கால் வலியை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிக் கையாள்வது என்பதைப் பார்ப்போம்.

எலும்பு எப்படித் தேய்கிறது, எப்படி வளர்கிறது?

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பார்த்தால் தோலுக்கு அடியிலேயே ஓர் எலும்பு தட்டுப்படும். உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது இந்த முன்னெலும்புதான். அதன் வெளிப்புறத்தில் மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. பின்புறம் கெண்டைக்கால் தசைகள் இருக்கின்றன. அவை கீழே ஒன்றுசேர்ந்து, தடித்த கயிறுபோன்ற தசைநாணாகிக் குதிகாலில் இணைகின்றன.

ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 500 முறை தரையில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. 5 கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு 2,500 அடிகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்தச் சுமையால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உண்டாகின்றன. இது இயல்பானதே. உடல் முதலில் பழுதான பகுதியை அரித்து எடுக்கிறது. பிறகு அங்கே புதிய எலும்பைக் கட்டுகிறது. அரிப்பது விரைவாகவும் கட்டுவது மெதுவாகவும் நடப்பதால், பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சும் தசையும் இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். மூன்றாவது வாரத்தில் பிள்ளைக்கு மூச்சு வாங்குவது குறைகிறது. உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுகிறான். அவனுடைய எலும்போ அப்போதுதான் மிகவும் இளகிய நிலையில் இருக்கிறது. வலி பெரும்பாலும் அந்த நேரத்தில் வருவதற்குக் காரணம் இதுவே.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியுமன்று. 1855ஆம் ஆண்டிலேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புக்குப் பின் படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897இல், அது பாத எலும்பில் விழுந்த கீறல்தான் என்பது படத்தில் தெரிந்தது. அடிபடாமல், கீழே விழாமல், திரும்பத் திரும்ப ஏறும் சுமையாலேயே எலும்பு முறியலாம் என்பதை உலகம் படைவீரர்களின் கால்களிலிருந்து கற்றுக்கொண்டது. இன்று சீருடைத் தேர்வுக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கும் அதே பாடம்தான்.

வலி ஒன்றல்ல, பல

"கால் வலி" என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் பெரிதும் உதவும். எந்த இடத்தில் வலிக்கிறது? எந்த நேரத்தில் வலிக்கிறது?

முதலாவது, ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் வலி. முன்னெலும்பின் உட்புற விளிம்பில், கீழ்ப்பாதியில், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவியிருக்கும். விரலால் அழுத்திக்கொண்டே போனால் நெடுகிலும் வலிக்கும். ஓடத் தொடங்கும்போது வலித்து, உடல் சூடானதும் குறைந்து, ஓடி முடித்தபின் அல்லது மறுநாள் காலையில் மீண்டும் தலைகாட்டும். எலும்பும் அதைச் சுற்றிய உறையும் சுமை தாங்காமல் எரிச்சலடைந்த நிலை இது. உரிய நேரத்தில் கவனித்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் எலும்புக் கீறல். இதில் வலி பரவியிருக்காது. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் இருக்கும். ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும், குறையாது. பிறகு நடக்கும்போதும் வலிக்கும். இரவில் படுத்திருக்கும்போதுகூட வலிக்கலாம். இந்நிலையில் ஓடுவதை உடனே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று ஆறுதலடைந்து மீண்டும் ஓடியவர்கள் பலர். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும். கீறல் எலும்பின் முன்பக்கத்தில் இருந்தால் அது எளிதில் கூடாது, முழு முறிவாகவும் மாறலாம். ஆகவே அதற்கு எலும்பு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு கட்டாயம் தேவை.

மூன்றாவது, தசையறைகளில் ஏறும் அழுத்தம். கீழ்க்காலின் தசைகள் எளிதில் விரியாத உறைகளால் சூழப்பட்ட தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஓடும்போது தசை உப்புகிறது. உறை இடம் கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதன் அடையாளம் நேரம்தான். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே தூரத்தில், அதே நிமிடத்தில் கால் இறுகிக் கல்லாகும். சிலருக்குப் பாதம் மரத்துப் போகும். நின்றுவிட்டால் சில நிமிடங்களில், அதிகம் போனால் அரை மணி நேரத்தில், வலி மறைந்துவிடும். ஓய்வாக இருக்கும்போது மருத்துவர் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தசையறையின் அழுத்தத்தை அளந்து உறுதி செய்வார்கள்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி டெக்கர் கீழ்க்கால் எலும்புக் கீறலால் 1976 ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாமல் போனார். பின்னர் அவருடைய கெண்டைக்காலில் இந்தத் தசையறைக் கோளாறும் இருப்பது கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. 1983இல் ஹெல்சின்கியில் நடந்த முதல் உலகத் தடகளப் போட்டியில் அவர் 1500 மீட்டர், 3000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரே காலில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம் என்பதும், சரியான காரணம் கண்டறியப்பட்டால் மீண்டுவர வழி உண்டு என்பதும் இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடங்கள்.

நான்காவது, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் வலி. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பாக வலிக்கும். நடக்க நடக்கத் தளரும். தசைநாண் தடித்து, கிள்ளிப் பிடித்தால் வலிக்கும். நாற்பது வயதைத் தாண்டி ஓடத் தொடங்குபவர்களிடம் இதை அதிகமாகக் காணலாம்.

இவை தவிர, முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் காலில் வலி வரும். அப்போது வலி இடுப்பிலிருந்தோ தொடையிலிருந்தோ இறங்கி வரும். மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும்.

ஒரு நோட்டும் பேனாவும்

கால் வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியவை ஐந்து. எவ்வளவு தூரம் ஓடினோம்? எந்தத் தரையில்? வலி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது? பூஜ்யத்திலிருந்து பத்துவரை அதன் அளவு என்ன? மறுநாள் காலையில் எப்படி இருந்தது?

இரண்டு வாரம் எழுதினால் காரணம் பெரும்பாலும் தாமாகவே கண்ணில் படும். வாரத்துக்கு 10 கிலோமீட்டர் ஓடியவர் திடீரென்று 25 கிலோமீட்டருக்குத் தாவியிருப்பார். அல்லது மண் மைதானத்திலிருந்து தார்ச்சாலைக்கு மாறியிருப்பார். தார்ச்சாலைகள் மழைநீர் வடிய நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் சரிந்தும் இருக்கும். தினமும் ஒரே ஓரத்தில் போய் வருபவருக்கு ஒரு கால் மட்டும் வலிப்பதில் வியப்பில்லை. மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டையும் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடப் பரிசோதனையில் கேட்க முடியாத பல செய்திகள் அதில் இருக்கும்.

சுமையைக் குறைப்பதே முதல் மருந்து

வலி மாத்திரை வலியை மறைக்குமே தவிர எலும்பைக் கட்டித் தராது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதென்று அதன் வயரை அறுத்துவிட்டு ஓட்டுவதைப் போன்றது. நீர் வற்றிய உடலோடு அதை அடிக்கடி விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு உண்டாகும்.

ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று தெரிந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தியோ பாதிக்கு மேல் குறைத்தோ பார்க்க வேண்டும். இதற்காகப் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. சைக்கிள் ஓட்டலாம். கிணற்றிலோ குளத்திலோ நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தலாம். மூச்சுத் திறன் குறையாமல் இருக்க இவை போதும். வலித்தால் பத்து, பதினைந்து நிமிடம் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸைத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். எலும்புக் கீறல் என்றால் ஓய்வுக் காலம் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

கெண்டைக்காலை வலுப்படுத்துவோம்

தரையிலிருந்து வரும் அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது தசை. தசை களைத்துவிட்டால் அந்தச் சுமை எலும்புக்குப் போகிறது. எனவே ஓய்வு ஒரு பாதி என்றால் வலுவூட்டல் மறுபாதி. வலி அடங்கிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். முழங்காலை நேராக வைத்து ஒரு முறையும், சற்று மடக்கி ஒரு முறையும் செய்ய வேண்டும். இவ்விரண்டும் கெண்டைக்காலின் இருவேறு தசைகளை வலுவாக்கும். முதலில் இரு கால்களாலும், பழகியபின் ஒரு காலாலும் செய்யலாம். ஒற்றைக் காலில் நின்று 20 முதல் 25 முறை உயர்த்த முடிவது நல்ல இலக்கு. குதிகாலால் மட்டும் சிறிது தூரம் நடந்தால் முன்பக்கத் தசையும் வலுப்பெறும்.

குதிகால் தசைநாண் வலிக்கு இதுபோன்றதொரு பயிற்சியை சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்டார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, வலிக்கும் காலின் குதிகாலை மெதுவாகப் படியின் மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். மேலே வருவதற்கு மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்கால் நேராக 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி 15 வீதம் மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரங்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஓட்டக்காரர்கள் இப்பயிற்சியால் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். செலவே இல்லாத சிகிச்சை இது. பன்னிரண்டு வாரப் பொறுமை மட்டும் வேண்டும். முதல் சில நாட்கள் ஒரு பிசியோதெரபிஸ்டின் பார்வையில் செய்தால் முறை பிசகாமல் இருக்கும்.

மீண்டும் ஓடும்போது

ஒரு வாரம் முழுவதும் வலியில்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிந்தால் ஓட்டத்துக்குத் திரும்பலாம். முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழெட்டுச் சுற்று போதும். அடுத்த நாள் ஓய்வு. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று ஓட்ட நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். தூரம், வேகம், தரை, காலணி ஆகிய நான்கில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வலி பத்தில் இரண்டைத் தாண்டினாலோ, மறுநாள் காலையிலும் இருந்தாலோ, ஒரு படி பின்வாங்க வேண்டும்.

எட்டி எட்டிப் பெரிய அடிகளாக வைப்பதைவிடச் சிறிய அடிகளை விரைவாக வைப்பது கீழ்க்காலின் அதிர்வைக் குறைக்கும். காலணி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்த வேண்டும், குதிகால் பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கக் கூடாது. அண்ணன் போட்டுத் தேய்த்த ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் ஓட்டப் பயிற்சிக்கு ஏற்றதன்று.

உணவும் வெயிலும்

எலும்பைக் கட்டக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஏறத்தாழ 5,200 பெண்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சிக் காலத்தில் இவ்விரண்டையும் மாத்திரையாகப் பெற்றவர்களுக்கு எலும்புக் கீறல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நம் சமையலறையிலேயே கால்சியம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பால், தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றிலும் நிறைய உண்டு. வைட்டமின் டி முக்கியமாக வெயிலிலிருந்து கிடைக்கிறது. உடல் முழுவதும் மறைத்து உடுத்துபவர்களும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களும் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சிறிது நேரம் கைகால்களில் வெயில் படும்படி இருப்பது நல்லது. இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே மாத்திரை எடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைய வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடுமையாக ஓடினால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். இது "ஓடுவதால் வருவதுதான்" என்று விட்டுவிடக் கூடியதன்று. உடலுக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது. எலும்பு வலுவிழப்பதும் அதனுடன் சேர்ந்தே நடக்கிறது. தாய்மார்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ரமளான் மாதத்தில் பலர் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். பெருநாள் முடிந்த கையோடு, விட்டுப்போன ஒரு மாதத்தையும் ஒரே வாரத்தில் ஈடுகட்ட முயல்வதுதான் ஆபத்து. ஷவ்வாலின் முதல் இரண்டு வாரங்களைப் புதிதாகத் தொடங்குபவரைப் போலவே நடத்த வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, தொட்டால் வலித்தால் அது இரத்தக் குழாயில் உறைந்த கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை உருவிவிடவோ எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனுடன் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும். அடிபட்ட பிறகோ கடும் ஓட்டத்துக்குப் பிறகோ கால் இறுகி, ஓய்விலும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலும் அதுவும் அவசரமே. குதிகாலுக்குப் பின்னால் யாரோ உதைத்ததுபோல் "பட்" என்ற சத்தத்துடன் வலி வந்தால் தசைநாண் அறுந்திருக்கலாம்.

நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடும் வலி, புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இரத்தக் குழாய் அடைப்பின் முதல் செய்தியாக இருக்கலாம். "வயதானால் அப்படித்தான்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும்

வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை வலியை மறைக்கும். வலியை மறைத்து ஓடிய கால் கடைசியில் ஓட முடியாமலே போகும். தேர்வு அறிவிப்பு வருமுன்பே, மூன்று நான்கு மாத அவகாசத்தோடு, குறைந்த தூரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு வார ஓய்வால் இழப்பது சில வினாடிகள்தான், அவற்றை மீட்டுவிடலாம். கீறல் விழுந்த எலும்போடு ஓடினால் இழப்பது ஓர் ஆண்டு. இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள

1. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்ட முடிகிறதா, உள்ளங்கையால்தான் காட்ட முடிகிறதா?
2. ஓட ஓட வலி குறைகிறதா, கூடுகிறதா, குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் வருகிறதா?
3. கடந்த நான்கு வாரங்களில் தூரம், வேகம், தரை, காலணி ஆகியவற்றில் எதை மாற்றினோம்?
4. ஓய்வு நாள் என்று வாரத்தில் ஒன்றாவது இருக்கிறதா?
5. நடக்கும்போதோ இரவிலோ வலித்தும் இன்னும் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கிறோமா?

ஐந்தாவது கேள்விக்கு "ஆம்" என்பது விடையானால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு நாளைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்கப் புறப்படுங்கள்.